சீருடைக்கு அஞ்சும் வீடுகள்

லாங்கன்தால் நகரின் நடுவீதிக்கு வருபவர் முதலில் கவனிப்பது அதன் உயர்ந்த நடைபாதைகளைத்தான். லாங்கெத்தே ஆறு பெருக்கெடுத்த காலங்களில் வெள்ளத்தை வீதியூடாகவே ஓடவிட்டு, மனிதர் மேலே நடந்து திரிவதற்கென்று இவ்வூரவர் கட்டிவைத்தவை அவை. வருவது நிச்சயம் என்று தெரிந்த ஒன்றுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைத்த ஊர் இது. சென்ற மாரியில் ஒரு சனிக்கிழமை அந்த நடைபாதைவழியே சென்று, எமக்கு நெடுநாள் பழக்கமான தமிழ்க் குடும்பமொன்றின் வீட்டில் தேநீர் அருந்தினோம். தந்தை உணவகமொன்றின் சமையலறையில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்பவர். தாய் முதியோர் இல்லமொன்றில் துப்புரவுப் பணியாளர். மூத்த பெண் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். இந்நாட்டில் அந்த வகுப்பு எத்தகைய நெருக்கடியான வகுப்பு என்பதைப் பிள்ளை வளர்ப்போர் அறிவர். லேர என்று நாம் சொல்லிப் பழகிய தொழிற்பயிற்சிக்கு இடம் தேடவேண்டிய வருடம் அது.

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுத் தாய் முறையிட்டார். "சேர், நீங்கள் ஒருக்கால் உவளுக்குச் சொல்லுங்கோ. பல்வைத்தியரிட்டை உதவியாளரா லேர எடுக்கலாம், மருந்துக்கடையிலை எடுக்கலாம். உவள் பொலிசுக்குப் போகப் போறாளாம்."

தந்தை வாய் திறக்கவில்லை. சன்னல்வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார். "பொலிஸ்காரன் வீட்டுக்கு வாறதெண்டாலே எனக்கு இண்டைக்கும் கை நடுங்கும்."

அந்த நடுக்கம் எமக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்து, பின் செய்தி எழுதப் புகுந்த காலத்தில், விசாரணை அறையொன்றில் எட்டு மணித்தியாலம் இருத்தப்பட்டோம். நாம் சொன்னதாக ஏதோ எழுதினார்கள். எழுதப்பட்ட மொழி எமக்கு வாசிக்கத் தெரியாத மொழி. கையொப்பமிடச் சொன்னார்கள், இட்டோம். அன்று எமக்கு அடி விழவில்லை. அதிலும் பார்க்க அந்தத் தாள்தான் இன்றுவரை கனவில் வருகிறது. நாம் என்ன சொன்னோம் என்பதை நாமே அறியாத நிலை அது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன்னிலையில் கொடுக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றில் சான்றாக ஏற்க இடமளித்தது. வாசிக்கத் தெரியாத தாளில் ஒப்பமிட்டுச் சிறை சென்ற எம்மவர் எத்தனை பேர் என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை.

எனவே அந்தத் தந்தையின் மௌனத்தைப் பிற்போக்கு என்றோ அறியாமை என்றோ தள்ளிவிட நாம் ஆயத்தமில்லை. 1981இல் யாழ். பொதுநூலகம் எரியூட்டப்பட்டது, தேர்தல் காவலுக்கென்று தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிசார் நகரில் நிறைந்து நின்ற வேளையில். அந்த வெளிச்சத்தைக் கண்ட தலைமுறையின் பிள்ளைகளே இன்று இங்கு பெற்றோராக இருக்கிறார்கள். 'எம்மவர் உள்ளே இருந்திருந்தால் இப்படி நடந்திராது' என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. 1983 யூலையில் கொழும்பு எரிந்தபோது இலங்கையின் பொலிஸ் மாஅதிபராக இருந்தவர் ருத்ரா இராஜசிங்கம் என்ற தமிழர். 1982 தொடக்கம் 1985 வரை அப்பதவியில் இருந்தவர் அவர். உச்சியில் ஒரு தமிழர் அமர்ந்திருந்தார். வீதியில் நின்ற காவலர்களோ தீ வைப்போரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உச்சியிலிருக்கும் ஒருவரால் ஆகாத காரியம், வீட்டுக் கதவைத் தட்டும் நிலையிலிருக்கும் நூறு பேரால் ஆகலாம் என்பது எமது எண்ணம். ஆனால் அதை அன்று அந்த வீட்டில் நாம் சொல்லவில்லை. பிள்ளையிடம் காரணம் கேட்டோம்.

அவள் சொன்னது இது. அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அவர்கள் வேறொரு நகரில், அடுக்குமாடி வீடொன்றில் குடியிருந்தார்கள். மேல்மாடியிலும் ஒரு தமிழ்க் குடும்பம். ஓரிரவு அங்கே பெருஞ்சத்தம். அயலிலுள்ள சுவிஸ்காரர் யாரோ அழைக்க, பொலிசார் வந்தனர். அந்த அன்ரிக்கு ஜேர்மன் மொழி வராது. மொழிபெயர்ப்பாளர் வந்துசேர நேரமெடுத்தது. வாசற்படியில் இரவு உடுப்போடு நின்ற இவளைப் பார்த்து, நீ தமிழா, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். அன்ரி சொன்னதில் ஒன்றை மட்டும் இவள் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டாள். ஏனென்றால் அந்த மாமா இவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். எதை விட்டாள் என்று எமக்கும் சொல்லவில்லை, தாய்க்கும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. "அண்டைக்கு வந்த பொலிஸ் பொம்பிளைக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தா நான் அதிலை நிண்டிருக்கத் தேவையில்லை" என்றாள்.

தாய் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

சுவிற்சர்லாந்தில் 2004 ஏப்பிரல் முதலாம் திகதியிலிருந்து, கணவன் மனைவியரிடையே நிகழும் உடற்காயம், மீண்டும் மீண்டும் கைநீட்டல், அச்சுறுத்தல் ஆகியன பாதிக்கப்பட்டவர் முறையிடாவிடினும் அரசே கையிலெடுத்து விசாரிக்கும் குற்றங்களாயின. சட்டம் நல்ல சட்டம். ஆயினும் அச்சட்டம் ஒரு வீட்டின் வாசலில் நின்று கேட்கும் முதற் கேள்விக்கான விடை எந்த மொழியில் வருகிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. 2011 தை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதுவரை மாநிலந்தோறும் வேறுபட்டிருந்த 26 நடைமுறைகளை ஒன்றாக்கியது. மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும் என்று அதன் 68ஆம் உறுப்புரை விதிக்கிறது. பொய்யாக மொழிபெயர்ப்பவர் குற்றவியற் சட்டத்தின் 307ஆம் உறுப்புரையின்படி தண்டிக்கப்படலாம். காவல் நிலையத்திலும் நீதிமன்றிலும் இவ்வேற்பாடு ஒழுங்காகவே இயங்குகிறது. நாம் ஒப்பமிட்ட தாள் போன்ற ஒன்று இங்கே இலகுவில் உருவாகாது. ஆனால் நள்ளிரவில், படிக்கட்டில், முதல் அரைமணி நேரத்தில் நிகழ்வதைச் சட்டப்புத்தகம் தனித்து நின்று காக்காது.

இனி, விரும்பும் பிள்ளைகளும் அஞ்சும் பெற்றோரும் அறியவேண்டிய செய்திகளுக்கு வருவோம். பதினாறு வயதுப் பிள்ளை நாளையே பொலிசில் சேர்ந்துவிடுவாளோ என்று எந்தத் தாயும் நித்திரை கெடத் தேவையில்லை. இந்நாட்டில் பொலிஸ் என்பது ஒருவருடைய இரண்டாவது தொழில். முதலில் ஒரு தொழிற்பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அல்லது மத்தூரா போன்ற உயர்நிலைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். இன்று வீதியில் நிற்கும் பொலிஸ்காரர் முன்னர் மின்னிணைப்பாளராகவோ வெதுப்பகத் தொழிலாளியாகவோ இருந்தவர். ஆகவே பல்வைத்திய உதவியாளர் பயிற்சிக்கும் பொலிஸ் ஆசைக்கும் பகையே இல்லை. தாயும் மகளும் ஒரே பாதையின் இரண்டு தரிப்பிடங்களுக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே உண்மை.

பேர்ண், லுசேர்ன், சொலத்தூண், ஆர்கவ் உள்ளிட்ட பதினொரு மாநிலங்களுக்கான பொலிஸ் பாடசாலை லுசேர்ன் மாநிலத்தின் ஹிற்ஸ்கிர்க்கில் 2007 முதல் இயங்குகிறது. ஒருகாலத்தில் ஜேர்மானிய வீரத்துறவியர் சபையின் இல்லமாகவும், பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகவும் இருந்த இடம் அது. (விரிவுரை மேடையை விட்டு வந்த எமக்கு, ஆசிரியரை உருவாக்கிய கட்டடத்தில் பொலிசாரை உருவாக்குவது ஒருவகையில் பிடித்தே இருக்கிறது.) 2020 முதல் பயிற்சி இரண்டு ஆண்டுகள், முதலாண்டு பாடசாலையில், இரண்டாமாண்டு தத்தம் மாநிலப் பொலிஸ் படையில். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. முடிவில் கூட்டாட்சித் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். சேர்வதற்கு எழுத்துத் தேர்வு, உடற்திறன் தேர்வு, உளவியற் பரிசோதனை, நேர்முகம் என்று பல படிகள். நீந்தவும் ஓடவும் தெரியாத பிள்ளை அங்கே இடர்ப்படும். நீச்சல் வகுப்புக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பப் பின்னிற்கும் வீடுகள் இதைக் குறித்துக்கொள்க.

முதல் வாயிற்கதவு குடியுரிமை. பெரும்பாலான மாநிலங்களில் பொலிஸ் சீருடை அணிவதற்குச் சுவிஸ் குடியுரிமை வேண்டும். பாசல் நகர மாநிலம் 1990களின் நடுப்பகுதியிலிருந்தே 'சி' வதிவிட அனுமதி உள்ளோரையும் ஏற்றுவருகிறது. வேறு சிலவும் அவ்வாறே. எம் இளையோரில் பலர் குடியுரிமை பெற்றுவிட்டனர். பெறாதோர் பலர், 'சி' இருக்கிறதே, பிறகென்ன என்று ஆண்டுகளைக் கடத்துகின்றனர். 2018 தை முதல் நடைமுறையிலுள்ள குடியுரிமைச் சட்டம் பத்து ஆண்டு வதிவையும் 'சி' அனுமதியையும் கேட்கிறது. எட்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் இருமடங்காகக் கணிக்கப்படும். எனினும் உண்மையில் ஆறு ஆண்டுகளாவது வாழ்ந்திருக்க வேண்டும். பேர்ண் மாநிலத்தவர் இன்னுமொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2013 நவம்பரில் நடந்த மாநில வாக்கெடுப்பின் பின், சமூக உதவிப்பணம் பெறுவோருக்கும், பெற்றதைத் திருப்பிச் செலுத்தாதோருக்கும் குடியுரிமை கிடைப்பது கடினமாயிற்று. தந்தை நோயுற்றிருந்த இரண்டு ஆண்டுகளின் கணக்கு, மகளின் தொழிற்கனவை வந்து மறிக்கக்கூடும் என்பதை எத்தனை வீடுகள் அறிந்திருக்கின்றன?

இரண்டாவது கதவைப் பற்றிச் சற்று மனம் நொந்தே எழுதுகிறோம். விண்ணப்பத்துடன் குற்றப்பதிவேட்டுச் சாற்றுரையும் கடன் அறவீட்டுப் பதிவேட்டுச் சாற்றுரையும் கேட்பார்கள். குற்றப்பதிவில் எம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் குறையிராது. வார இறுதியில் வாடகைக்கெடுத்த பெரிய காரை எண்பது கிலோமீற்றர் வீதியில் நூற்றைம்பதில் ஓட்டுவோர் நீங்கலாக. 2013 முதல் அது வெறும் தண்டப்பணத்தோடு போகும் விடயமல்ல, சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆனால் கடன்பதிவில்தான் எம் இளையோர் தாம் செய்யாத பிழைக்குச் சிக்குகின்றனர். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் அவன் பெயரில் தொலைபேசி ஒப்பந்தம், அவன் பெயரில் கார் லீசிங், அவன் பெயரில் சிறுகடன். 'எங்கடை பிள்ளைதானே' என்று தொடங்கும். சீட்டு முறிந்த மாதத்தில், அல்லது ஊரில் ஒரு கலியாணம் வந்த மாதத்தில் தவணை தவறும். பெற்றோருக்கு அது ஒரு கடிதம். பிள்ளைக்கு அது முடிந்தபின்னும் ஐந்து ஆண்டுகள் மற்றவர் கண்ணிற் படக்கூடிய பதிவு. பொலிஸ், சிறைக்காவல், வங்கி, பாதுகாப்பு நிறுவனம் எதுவாயினும் அந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டுக் கோவையை மூடிவிடலாம். எமக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன் இப்படித் திருப்பியனுப்பப்பட்டான். காரணத்தைத் தந்தைக்கு அவன் இன்னும் சொல்லவில்லை. தேர்வில் தவறிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

பொலிஸ் ஒன்றே வழியென்றும் எண்ணவேண்டாம். லாங்கன்தாலிலிருந்து பேர்ணுக்குப் பழைய பாதையில் மெதுவாகப் போகும் புகைவண்டியில் ஏறி அமர்ந்தால், குற்றவியல் நீதித்துறையின் பெரும்பகுதி சன்னலுக்கு வெளியே வந்து போகும். புர்க்டோர்வ் நிலையத்தில் இறங்கினால் எம்மந்தால்-ஓபராகவ் பிராந்தியத்துக்கான நீதிமன்றமும் வழக்குத்தொடுநர் அலுவலகமும் அங்கேதான். பிராந்தியச் சிறையும் அங்கேயே. அதற்கப்பால் ஹிண்டல்பாங்க், பழைய மாளிகையொன்றை மையமாகக் கொண்ட பெண்கள் சிறைச்சாலை. தெற்கே மலைப்பாறையின் மேல் தோர்பெர்க், ஒருகாலத்தில் துறவியர் மடமாயிருந்து இன்று கடுங்காவற் சிறையாக இருப்பது. இவ்விடங்களில் எழுதுவினைஞர் வேண்டும், சமையலாளர் வேண்டும், பட்டறை நடத்துநர் வேண்டும், சமூகப் பணியாளர் வேண்டும், காவலர் வேண்டும். மாநில நிர்வாகத்திலும் நீதித்துறையிலும் வணிகத் தொழிற்பயிற்சியைப் பதினாறு வயதிலேயே தொடங்கலாம், மூன்று ஆண்டுகள். வழக்குக் கோவை எப்படி நடக்கிறது, எந்தத் தாள் எங்கே போகிறது என்பதை அதைத் தினமும் சுமப்பவர் அறிவதுபோல் வேறெவரும் அறியார்.

சிறைப்பணிக்கு வருவோர் ஏற்கெனவே ஒரு தொழில் கற்றவராயும், வாழ்க்கையில் சற்று அடிபட்டவராயும் இருப்பதையே விரும்புகிறார்கள். வேலையில் சேர்ந்தபின், வேலை செய்தபடியே பிறிபேர்க்கிலுள்ள சிறைப்பணிக்கான தேசிய நிலையத்தில் பயின்று கூட்டாட்சிச் சான்றிதழ் பெறலாம். நாற்பது வயதில் சமையலறையில் முதுகு நோகும் எம்மவர் சிலருக்குக்கூட இக்கதவு திறந்திருக்கலாம் என்பதை இங்கே குறித்துவைக்கிறோம். சிறையிலும் சமையலறை உண்டு, அங்கே கைதிகளுக்குத் தொழில் பழக்கும் சமையலாளரும் உண்டு. பல்கலைக்கழகம் செல்ல வல்ல பிள்ளைகளுக்குப் பேர்ணில் சட்டம் இருக்கிறது. விஞ்ஞானத்தில் நாட்டமுள்ளோருக்கு லொசானில் 1909இல் தொடங்கப்பட்ட தடயவியற் கல்லூரி இருக்கிறது. உலகிலேயே பல்கலைக்கழக மட்டத்தில் அத்துறையை முதலிற் கற்பித்த இடம் அது. மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு சொற்களுக்கு அப்பால் எம் பெற்றோரின் அகராதி விரியவேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

இவ்வளவையும் கேட்டபின் தந்தை எழுப்பிய கேள்வி வேறு. "எங்கடை சனம் என்ன சொல்லும் சேர்? காட்டிக்குடுக்கிறவள் எண்டெல்லோ சொல்லும்?"

சொல்லும். நாம் மறுக்கவில்லை. எமது சமூகத்தில் அந்தச் சொல்லுக்கு எத்தகைய கனம் உண்டு என்பதும், அதன் பெயரால் என்னென்ன நடந்தன என்பதும் எமக்குத் தெரியும். மறுபக்கத்திலிருந்தும் அவளுக்கு இடர் வரும். 2015இல் சூரிச் புகைவண்டி நிலையத்தில் நிறத்தின் காரணமாகவே தம்மை நிறுத்திச் சோதித்தார்கள் என்று முறையிட்ட வா பைல் என்பவரின் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் சுவிற்சர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அத்தகைய நிறுவனத்துக்குள் கறுத்த தோலோடு புகும் பெண் தன் சகபாடிகளின் பகிடிகளையும் கேட்க நேரும். வீட்டில் ஒரு பெயர், நிலையத்தில் இன்னொரு பெயர். இதைப் பிள்ளைக்கு மறைப்பது நேர்மையன்று, நாம் மறைக்கவுமில்லை.

ஆயினும் இதே இக்கட்டை வேறு சமூகங்களும் கடந்திருக்கின்றன. வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் பொலிசில் சேருவது துரோகம் என்று கருதப்பட்டது. சேர்ந்தவர் தம் அயலிலேயே கொல்லப்பட்டனர். 2001இல் பொலிஸ் சேவை புதிதாய் அமைக்கப்பட்டு, புதிதாய் எடுப்போரில் பாதிப்பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அப்போது ஏறக்குறைய 8 சதவீதமாயிருந்த அவர்களின் பங்கு பத்தாண்டுகளில் 30 சதவீதத்தை அண்டியது. பகை ஒழிந்துவிடவில்லை. ஆனால் முறைப்பாடு கொடுக்கப் போகும் கத்தோலிக்கர், எதிரில் அமர்ந்திருப்பவர் யாரென்று பார்த்துத் திரும்பி வந்த காலம் பெருமளவு மாறியது. எம்மவரிலும் உதாரணம் இல்லாமலில்லை. இலங்கையில் பிறந்து குழந்தைப் பருவத்தில் கனடா சென்ற நிசான் துரையப்பா, 1995இல் ஒன்ராறியோவின் ஹால்ரன் பிராந்தியப் பொலிசில் கடைநிலையில் சேர்ந்தவர். 2019இல் அயற் பிராந்தியமான பீலின் பொலிஸ் தலைவரானார். யாழ்ப்பாண மேயராயிருந்து 1975இல் சுட்டுக் கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பாவின் உறவினர் அவர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அந்தக் குடும்பத்துக்குச் 'சனம் என்ன சொல்லும்' என்ற கேள்வி புதிதன்று.

பிள்ளையிடமும் எமக்கு ஒரு குறை இருந்தது; அதைச் சொல்லியே தீரவேண்டும். பேர்ண் வட்டார ஜேர்மன் பேச்சு அவள் வாயில் ஆறாக ஓடுகிறது. தமிழ் தட்டுத்தடுமாறி வருகிறது. இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு அவள் போவதில்லை. கரப்பந்தாட்டப் பயிற்சி குறுக்கே வந்துவிட்டதாம். அந்த அன்ரி அன்றிரவு பேசிய தமிழ் பாடப்புத்தகத் தமிழன்று. அழுகையும் சீதனக் கணக்கும் மாமியாரின் பெயரும் ஊர்ச் சொற்களும் கலந்த தமிழ். அதை முழுதாய் விளங்கிக்கொள்ளும் பொலிஸ் பெண்ணாக வேண்டுமென்றால், கரப்பந்தோடு தமிழையும் விளையாட வேண்டும் என்றோம். சற்று யோசித்தாள். "அப்ப சனிக்கிழமை காலமை" என்றாள்.

நாம் புறப்படும்போது நேரம் இருட்டிவிட்டது. தந்தை புகைவண்டி நிலையம்வரை கூடவே வந்தார். உயர்ந்த நடைபாதையில் இருவரும் பேசாமல் நடந்தோம். நிலையத்தில் ரோந்து வந்த இரண்டு பொலிசார், ஒருவர் இளம்பெண், எம்மைக் கடந்து போயினர். வழமைபோல் அவர் சற்று ஒதுங்கி வழிவிட்டார். வண்டி வருவதற்கு நான்கு நிமிடம் இருக்கையில் சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதமொன்றை எடுத்து எம் கையில் தந்தார். மகனின் பெயருக்கு வந்த கடன் அறவீட்டு அறிவித்தல். மகனுக்குப் போன ஆவணியில்தான் பதினெட்டு வயது நிறைந்தது. "தொலைபேசிக் காசு சேர். எண்ணூற்றிச் சொச்சம் பிராங். இதை இப்ப கட்டினால் பதிவை எடுப்பிக்கலாமோ?" என்று கேட்டார். முதலில் பணத்தைக் கட்டி, பின் அந்த நிறுவனத்துக்கே எழுதி அறவீட்டை மீளப்பெறும்படி கேட்கவேண்டும் என்றோம். மீளப்பெற்ற அறவீட்டை மற்றவர்களுக்கு வெளிப்படுத்தமாட்டார்கள். கடிதத்தை நாமே எழுதித் தருவதாகச் சொல்லி அதை எம் பையில் வைத்துக்கொண்டோம். வண்டி வந்தது.